கல்லறைக் கல்லும் குடும்ப வரலாறும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர்கள் சேர சோழ பாண்டியர், பல்லவர், அவர்களுக்குப் பின் வந்த வெள்ளையர். நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தையார் பெயர் தெரியும். பாட்டனார் பெயர் தெரியும். அதற்கு மேலே கேட்டால் பெரும்பாலோர் விழிப்போம். பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் என்ன என்று கேட்டால் வகுப்பில் ஒருவர் கை தூக்கினாலே பெரிது. மன்னர்களின் பட்டப் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பிக்கும் நமக்கு, நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர்களின் பெயர் தெரியவில்லை.

அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. அவ்வழிகளுள் ஒன்று பழைய மாதா கோயில்களை அடுத்துள்ள கல்லறைத் தோட்டம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கியபோது, அவ்வூர்ப் பழைய ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முட்செடிகளை வெட்டித் துப்புரவு செய்யும் பணி எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. செடியை அகற்ற அகற்றக் கற்கள் தெரிந்தன. கற்களில் எழுத்துகள் தெரிந்தன. அவற்றைப் படித்து, அவற்றுக்குரிய குடும்பங்களைத் தேடிச் சென்றதில் நான் அறிந்துகொண்டவற்றைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்குடும்பத்தார் இன்றும் வாழ்கின்றமையால் ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை.

வெண்ணெய்நல்லூர் காட்டிய வழி

குடும்ப வரலாற்றை எப்படி மெய்ப்பிப்பது என்ற கேள்விக்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் திருவெண்ணெய்நல்லூரிலேயே அவ்விடை இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட வரலாற்றை அறியாதார் இலர். புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, "நீ எனக்கு வழிவழி அடிமை" என்று ஒரு முதியவர் தடுக்கிறார். காட்டிய ஓலையை ஆரூரர் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலைதான். மூல ஓலை வெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்படுகிறது. அவையோர் உடனே நம்பிவிடவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

இவ்வழக்கில் மூன்று வகைச் சான்றுகள் பேசப்படுகின்றன. ஒன்று ஆட்சி, அதாவது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். இரண்டாவது ஆவணம். மூன்றாவது அயலார் காட்சி. அதாவது கண்டும் கேட்டும் அறிந்தவர்களின் சாட்சியம். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பாட்டனார் பெயரும் ஆரூரர். பேரன் பெயரும் ஆரூரர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால்தான் அவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளாத தமிழர்க்கு, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும் இந்தப் பெயர்தான் குடும்பத்தின் அடையாளம். கல்லறை ஆராய்ச்சிக்கும் இந்த மூன்று சான்றுகளே போதும்.

முதல் ஆவணம்: கல்

இறந்தார்க்குக் கல் நாட்டுவது நமக்குப் புதிதன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேடி, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நடும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்கிறது. நமக்கு அண்மையிலுள்ள செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது.

கல்லறைக் கல்லைப் படிக்கப் பொறுமையும் வெயிலும் வேண்டும். உச்சி வெயிலில் எழுத்துத் தெரியாது. காலையிலோ மாலையிலோ கதிர் சாய்வாக விழும்போது, தேய்ந்த எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். மற்ற நேரங்களில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினாலும் போதும்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட் ஊற்றுவது பெருந்தீங்கு. சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீரே மெல்லிய அமிலமாகி, அக்கற்களை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. அதன்மேல் வீரியமுள்ள அமிலத்தை ஊற்றினால், மழை நூறாண்டில் செய்வதை நாம் நொடியில் செய்துவிடுவோம். தண்ணீரும் மெல்லிய நார்த் தூரிகையுமே போதும். கருங்கல்லின் கதை வேறு. அதிலுள்ள குவார்ட்ஸ் இதற்கெல்லாம் அசையாது. நம் பக்கத்துக் கருங்கல் பலகைகளில் எழுத்து இன்றும் நிற்பதற்குக் காரணம் இதுவே.

கருங்கல்லைப் பற்றிப் பேசும்போது ஒரு சுவையான செய்தி. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை அங்குள்ள செயிண்ட் ஜான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அது நம் பல்லாவரம் பக்கத்துப் பாறையின் இனம். அப்பாறையை ஆராய்ந்த நிலவியலார் தாமஸ் ஹாலந்து, அந்தக் கல்லறையை நினைந்து அதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். கல்லறைக் கல்லிலிருந்து ஒரு பாறை இனமே பெயர் பெற்றிருக்கிறது!

எழுத்துக்கு அடுத்தது ஆண்டு. பழைய தமிழ்க் கற்களில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵ என்னும் குறிகள் வரும். 1876 என்பதை ௲௮௱௭௰௬ என்று எழுதியிருப்பார்கள். ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்த காலம் அது. சில கற்களில் வெறுமனே 'தாது வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சக்கரத்தில் தாது 1876-இல் வந்தது, 1936-இலும் வந்தது, 1996-இலும் வந்தது. எது என்று முடிவு செய்ய எழுத்தின் அமைப்பையும் பக்கத்துக் கற்களையும் பார்க்க வேண்டும். ணை, லை போன்றவற்றின் பழைய கொம்பு வடிவம் இருந்தால், பெரும்பாலும் அது 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம்.

ஆங்கிலக் கற்களிலும் சிக்கல் உண்டு. 1752-க்கு முன் ஆங்கிலேயர்க்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜாப் சார்னாக் 1692 ஜனவரியில் இறந்தார் என்று கல் சொன்னால், நம் கணக்கில் அது 1693 ஜனவரி.

இரண்டாம் ஆவணம்: ஏடு

கல் சுருக்கமாகத்தான் பேசும். விரித்துப் பேசுவது ஆலயத்து ஏடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று புத்தகங்கள் பழைய பங்குகளில் இருக்கும். பங்குத் தந்தையின் அனுமதி பெற்று, அவர் முன்னிலையிலேயே பார்க்க வேண்டும். ஞானஸ்நானப் புத்தகத்தில் பெற்றோர் பெயரோடு ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை முதலிய உறவினராகவே இருப்பர். ஆதலால் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று குடும்பங்களை இணைத்துவிடலாம்.

இங்கே தடுமாறச் செய்வது பெயர். கத்தோலிக்க ஏடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. ஏட்டில் பெத்ருஸ் என்றிருப்பவரே கல்லில் இராயப்பன். பவுலுஸ் என்பவர் சின்னப்பன். யோவான்னெஸ் என்பவர் அருளப்பன். யோசேப்புஸ் என்பவர் சூசை. இக்னாசியுஸ் என்பவர் இன்னாசி. அதே மனிதர் ஊரார் வாயில் வேறொரு செல்லப் பெயரோடும், நிலப் பட்டாவில் இன்னொரு பெயரோடும் இருப்பார். மூன்றையும் ஒருவரென்று காண்பதற்குத் தகப்பன் பெயரும் மனைவி பெயரும் தேதியும் ஒத்துவர வேண்டும். வெண்ணெய்நல்லூர் அவையோர் கையெழுத்தை ஒப்பிட்டதைப் போன்ற வேலைதான் இது.

ஆலயத்துக்கு வெளியிலும் ஏடுகள் உண்டு. பிறப்பு இறப்புகளை நாடு முழுவதும் கட்டாயமாகப் பதியச் செய்தது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். பழைய நிலப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். நம் மாவட்டத்தார் ஒன்றை மறக்கக்கூடாது: 1993-க்கு முற்பட்ட எந்தத் தாளிலும் விழுப்புரம் மாவட்டம் என்று இராது. தென்னார்க்காடு என்றே தேட வேண்டும்.

கல்லும் ஏடும் சேர்ந்தால் என்ன விளங்கும் என்பதற்குச் சென்னையில் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்ங்கோபுரத்தோடு ஒரு கல்லறை நிற்கிறது. அதில் இருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஒருவர் 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ். மற்றவர் 1688-இல் இறந்த டேவிட் யேல் என்னும் சிறுவன். பெயரால் உறவில்லாத இருவர் ஏன் ஒரே இடத்தில்? விடை புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துத் திருமணப் பதிவேட்டில் இருக்கிறது. ஹின்மர்ஸ் இறந்த அதே ஆண்டு நவம்பரில் அவர் மனைவி கேத்தரின், எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். புதிதாகக் கட்டப்பட்ட அவ்வாலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. அவர்களுக்குப் பிறந்த மகனே டேவிட். தன் குழந்தையைத் தன் முதல் கணவரின் பக்கத்தில் கிடத்தியிருக்கிறாள் அத்தாய். எலிஹு யேல் பின்னர்ச் சென்னை ஆளுநராக இருந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லை மட்டும் பார்த்தவர்க்கு இரண்டு பெயர்கள். ஏட்டையும் பார்த்தவர்க்கு ஒரு குடும்பம்.

கல் இருக்கும் இடமெல்லாம் கல்லறை என்றும் கொள்ளலாகாது. அந்த வளாகம் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் இடுகாடு. 1758-59-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த கல்லறைகள் பகைவர் பதுங்க மறைவாய் அமைந்தன. முற்றுகை நீங்கியபின் கட்டடங்களை இடித்துவிட்டுக் கற்களை மட்டும் புனித மேரி ஆலயத்து முற்றத்திற்குக் கொண்டுவந்து பரப்பினர். இன்று அங்கே நடப்பவர் காலடியில் கிடக்கும் ஆங்கிலம், இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனிய எழுத்துகளுக்குரியவர்கள் அவ்விடத்தில் உறங்கவில்லை.

காட்சியும் ஆட்சியும்

மூன்றாவது சான்று பெரியவர்களின் வாய்மொழி. இதைக் கேட்கச் சிறந்த நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வெளியூர் சென்ற பிள்ளைகளெல்லாம் அன்று வந்து, கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். யார் எந்தக் கல்லுக்கு மாலை போடுகிறார் என்று பார்த்தாலே பாதி உறவுமுறை விளங்கிவிடும். இதுவே ஆட்சி என்னும் சான்று. எழுத்தில்லாத மண்மேட்டுக்கும் ஒரு வீட்டார் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றினால், அந்த மேட்டுக்கு ஒரு பெயர் உண்டு.

வாய்மொழியை மதிக்க வேண்டும், சோதிக்கவும் வேண்டும். ஜி.யு. போப் தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறிக்கச் சொன்னார் என்பதை நாம் பள்ளி நாள் முதல் கேட்டுவருகிறோம். மேடைகளில் முழங்கியும் இருக்கிறோம். அவர் 1908-இல் மறைந்தார். ஆக்ஸ்போர்டில் செயிண்ட் செபல்கர் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லில் இப்படி ஒரு வரி இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. அவர் குடும்பத்தாரும், தென்னாட்டிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டியதாக அதில் பொறித்திருக்கிறார்கள். கடல் கடந்து ஓர் ஆசிரியரின் கல்லறைக்குத் தமிழர் பங்களித்தனர் என்ற உண்மை, நாம் சொல்லிவந்த கதையைவிடச் சிறியதன்று. கல்லைப் படித்தவர்க்குத்தான் அது கிடைக்கிறது.

கல்லில் இல்லாதவர்கள்

இனி இவ்வாராய்ச்சியின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். ஜே.ஜே. காட்டன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905-இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். அரிய உழைப்பு, இன்று அழிந்துபோன பல கற்களின் வாசகம் அந்நூலால்தான் நமக்குக் கிடைக்கிறது. எனினும், வரலாற்றுச் சிறப்புடையவை என்று அவர் கருதியவற்றையே அதில் சேர்த்தார். பெரும்பாலும் அவை ஐரோப்பியர் கற்கள். அவர்கள் வீட்டில் சமைத்தவர், பல்லக்குத் தூக்கியவர், பிள்ளைகளைத் தாலாட்டியவர் ஆகியோர்க்கு அதில் இடமில்லை. எலிஹு யேலின் காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் கல் ஏது? ஜாப் சார்னாக்கின் புதல்வியர் மூவர்க்கும் 1689-இல் புனித மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்ததற்கு ஏடு இருக்கிறது. அவர்களைப் பெற்ற இந்தியத் தாயின் பெயர் மட்டும் வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை.

சாதியும் கல்லறை வரை வந்திருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை வேறாகப் பிரிக்கும் சுவர் பல ஆண்டுகள் வழக்குக்கும் வருத்தத்துக்கும் காரணமாயிற்று. கல்லறைத் தோட்டத்தில் கற்கள் நிறைந்த பக்கம் எது, வெறும் மண்மேடுகள் நிறைந்த பக்கம் எது என்று குறித்துக்கொள்வதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நாங்கள் துப்புரவு செய்த தோட்டத்தில் இரண்டு கற்கள் அடுத்தடுத்து இருந்தன. பெரியதில் ஓர் ஆடவரின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருந்தன. சிறியதில் 'மேற்படியார் பெண்சாதி' என்பதும் ஆண்டும் மட்டுமே இருந்தன. அவ்விரு கற்களுக்கும் மாலையிடும் வீட்டுப் பெரியவரைக் கேட்டோம். "எங்க பாட்டனாரைப் பெத்தவங்க. பேரு யாருக்கும் தெரியாது தம்பி" என்றார். அடக்கப் புத்தகத்தில் அந்த ஆண்டைத் தேடினோம். கணவர் பெயரும் ஊரும் ஒத்துவந்த ஒரே ஒரு வரியில், அந்த அம்மையாரின் பெயர் இலத்தீனில் இருந்தது. பெரியவரிடம் அதன் தமிழ் வடிவத்தைச் சொன்னதும், தம் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். அச்சிறுமிக்கும் அதே பெயர். "இந்தப் பேரு எங்க வீட்ல வந்துகிட்டே இருக்கு. யாருக்காக வைக்கிறோம்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றார். கல் சொல்ல மறுத்ததை அவ்வீட்டு வழக்கம் நான்கு தலைமுறையாகச் சுமந்து வந்திருக்கிறது. ஆட்சியும் ஆவணமும் ஒத்துவந்த இடம் அது.

கடல் கடந்தவர்கள்

வேறொரு திசையிலிருந்தும் இத்தேடல் நடைபெறுகிறது. நம் வட ஆர்க்காடு, தென்னார்க்காட்டுப் பகுதிகளிலிருந்து பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியஸ், நேட்டால் முதலிய இடங்களுக்குச் சென்றனர். சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பன் துறையை அடைந்தது. அக்காலக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் ஆகியவை எழுதப்பட்டன. கூலிகளைக் கணக்கு வைக்க எழுதிய அப்பட்டியலே இன்று அவர்களின் கொள்ளுப்பேரர்களுக்குக் குலவரலாறு. அதை வைத்துக்கொண்டு அவர்கள் நம் ஊர்களைத் தேடி வருகிறார்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை இன்ன ஊர் என்று சொல்ல, இங்கே பிறந்து வளர்ந்த நம்மால்தான் முடியும்.

நாம் செய்யத் தக்கவை

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் முன்னோர்க்குக் கல்லறை இல்லை. ஆலயத்து ஏடும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் கற்ற முறையை என் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தேன். கால் காணி நிலத்தை விற்ற பழைய பத்திரம் ஒன்று தகரப் பெட்டியில் கிடைத்தது. அதன் அடியில் என் பாட்டனாரின் கைநாட்டும், பக்கத்தில் எழுதியவர் குறித்த அவர் பெயரும், அவர் தகப்பனார் பெயரும் இருந்தன. ஆரூரரின் பாட்டனார் ஓலையில் கையெழுத்திட்டார். என் பாட்டனார் பெருவிரலை வைத்தார். இரண்டும் ஆவணமே. அந்தப் பத்திரத்தால் என் கொள்ளுப்பாட்டனாரின் பெயரை என் தந்தையார் முதன்முறையாக அறிந்தார். கொள்ளுப்பாட்டியின் பெயரை என் அத்தை சொன்னார். அதை எழுதி வைத்துவிட்டேன். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்டிருந்தால் சொல்ல ஆள் இருந்திருக்குமா?

கற்களும் நில்லா. தோட்டத்தில் இடமில்லாமல் பழைய குழியிலேயே புதிய அடக்கம் செய்வதால், பழைய கல் வேலிக்கும் படிக்கட்டுக்கும் போய்விடுகிறது. ஆகவே, நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்துள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் செல்லும் ஊர்களில் கல்லறைத் தோட்டமாயினும், இடுகாடாயினும், நடுகல் நிற்கும் ஏரிக்கரையாயினும், உரியவர் அனுமதி பெற்று ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் கொடுங்கள். உள்ளதை உள்ளபடியே படியெடுங்கள். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளி வைத்து விடுங்கள். நிழற்படம் எடுங்கள். ஒரு படி ஆலயத்துக்கும், ஒரு படி நம் கல்லூரி நூலகத்துக்கும் தாருங்கள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்டினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் நம் வட்டாரத்துக் கல்லறைப் பதிவேடு ஒன்று உருவாகிவிடும். வெள்ளைக்கார அதிகாரி விட்டுச் சென்ற பெயர்கள் அதில் இடம்பெறட்டும்.

கல்லே இல்லாத வீட்டைச் சேர்ந்த நண்பர்கள் இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தாயின் பெயரைக் கேளுங்கள். பிறந்த ஊரைக் கேளுங்கள். சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் அடியில் குறியுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகள் தேடும்போது, அந்த நோட்டு அவர்களுக்கு மூல ஓலையாகட்டும்.